பெட்ரூம் படத்தில் பத்து விரல்!

வணக்கம் புள்ளைங்களா! எல்லாரும் சொகமா இருக்கீங்களா? மூட்டுவலிக்காரங்க, இருமல்காரங்க, சீனி வருத்தக்காரங்க... எல்லாரும் மருந்து குடிச்சாச்சா? பிறஷர் குளுசைய இப்பவே போட்டுட்டு வந்து ஒக்காருங்க. பொறகு, "படிக்கையில நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு"ன்னு என்னயக் கொற சொல்லப்படாது!

போட்டாச்சா?

சரி.

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...!

ரெண்டாயிரத்து எட்டு, ஆகஸ்ட் மாசம் பன்னெண்டாந் தேதி, செவ்வாய்க்கெழம. காலையில பத்து மணி.

இலங்கையில மாத்தளைக்குப் பக்கத்துல, அலுவிகாரையில, ஏ நைன் ரோட்டு ஓரமா, பச்சை கேட் போட்ட வீட்டுல டெலிபோன் அலறுது!

ரொட்டி மாவு பெசைஞ்ச கையோட ஓடி வந்து எடுத்தா டொறீன்.

"ஹலோ?"

"டொறீன் ஆன்ட்டியா? நான் மக்கீன். கட்டார்லேந்து பேசுறன். இன்டர்நெட்டுல ஒங்கட வீட்டப் பாத்தன்."

டொறீனுக்கு உச்சி குளுந்து போச்சு. விளம்பரம் போட்டு ஆறு நாள். இதான் மொதல் போன்!

"பாத்தீங்களா தம்பி? புடிச்சிருக்கா?"

"மாஷா அல்லாஹ், ஹோல் நல்லம். குசினி நல்லம். கெணறும் நல்லம். ஆனா ஆன்ட்டி..."

"ஆனா...?"

"பெட்ரூம்ல மய்யித்து ஒண்ணு ஈக்குதே!"

"பொணமா?!"

"ஓ! அல்மாரிக் கண்ணாடியில நல்லாத் தெரியுது. வெள்ளத் துணி போத்தி... ரெண்டு காலும் வெளிய நீட்டி... என்ட பொஞ்சாதி றமீஸா பாத்துட்டு நேத்துலேந்து சோறு திங்கல்ல!"

"ஐயோ மாதாவே!"

ரிசீவர் கீழ விழுந்துச்சு. அதுலயும் மாவு. தரையிலயும் மாவு.

ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த வீடு வித்தே ஆகணும்னு டொறீன் ஏன் துடிக்கிறான்னு சொன்னாத்தான் ஒங்களுக்குப் பொணத்தோட அரும புரியும்.

ஒரே மக லூசியா. கொழும்புப் பக்கம் வத்தளையில கட்டிக் குடுத்திருக்கு. தலப்பிரசவம். மாசக் கடைசியில நாள் குறிச்சிருக்காங்க. பேரப்புள்ளைய மொதல்ல தூக்குறது தன்னோட கையா இருக்கணும்னு டொறீனுக்கு ஆச. போனா அங்கேயே மகளோட இருந்துறணும்.

ஆனா புருஷன் சிறில் இருக்காரே... தேயிலத் தோட்டத்துல பெரிய கிளாக்கரா இருந்து பென்ஷன் எடுத்தவரு... அவரு வேதாகமத்து மேல கை வச்சுச் சொல்லிட்டாரு.

"வீடு வித்தா வாறேன். மாதா திருநாளுக்குள்ள விக்கலன்னா, வத்தளைங்கிற பேரையே இந்த வீட்டுல எடுக்கப்படாது!"

மாதா திருநாள் பதினஞ்சாந் தேதி. வெள்ளிக்கெழம.

மூணே நாள்!

அவர விட்டுட்டு டொறீன் தனியாப் போலாமேன்னு கேப்பீங்க. சிறிலுக்கு சுடுதண்ணி வைக்கத் தெரியாது. ஒரு தடவ வச்சாரு. கேத்தல் உருகிப் போச்சு.

இப்ப, போன கெழம புதன்கெழமைக்கு வாங்க. படம் எடுத்த நாள்.

மாத்தளை டவுன்ல இன்டர்நெட்டு, ஃபோட்டோகொப்பியெல்லாம் உள்ள கொம்யூனிகேஷன் கட நடத்துற ஜைனுதீன், டிஜிட்டல் கேமராவ கழுத்துல மாட்டிக்கிட்டு காலையில பத்து மணிக்கு வந்து எறங்கினான். கல்யாண வீட்டுப் படம் எடுக்கிறவன். வீடும் பொண்ணு மாதிரித்தான், சோடிச்சுக் காட்டணும்ங்கிறது அவன் கட்சி.

"ஆன்ட்டி, வாங்குற ஆளு படத்தப் பாத்த ஒடன, 'இது என்ட வீடு'ன்னு அவனுக்குத் தோணோணும். ஒங்கட வீடுன்னு தோணப்படா! கல்யாணப் படம், கலண்டர், லூசியா தங்கச்சிட படம்... எல்லாத்தையும் கழட்டுங்கோ!"

கழட்டினா.

"அந்த தேங்கா திருவுற கட்டை?"

ஒளிச்சா.

"செவுத்துல வெடிப்பு?"

"அதுக்குத்தான்டா கலண்டரே மாட்டினேன்!"

"அப்ப கலண்டர மட்டும் திரும்ப மாட்டுங்கோ."

தரைக்கு செவப்பு பொலிஷ் போட்டு தேங்காமட்டையால தேய்ச்சதுல, டொறீனே ரெண்டு தடவ வழுக்கி விழுந்தா. பக்கத்து வீட்டு ஹமீமாக்கிட்ட பூப்போட்ட குஷன் நாலு எரவல். மேசையில பிளாஸ்டிக் அப்பிள். முன் செவுத்துக்கு பெயின்ட்... அதுவும் படத்துல வாற ஒயரம் வரைக்கும்தான்!

"ஜைனுதீன், இவரு?"

ஹோல் மூலையில அந்தோனியார். மூணரை அடி சுரூபம், புனிதரோட சிலை. கோயிலுக்கு வெள்ள அடிக்கிறாங்கன்னு ரெண்டு மாசமா இங்கதான் தங்கியிருக்காரு.

"வாங்குற ஆளு எந்த வேதமோ தெரியாதே ஆன்ட்டி. கொஞ்ச நேரத்துக்கு உள்ளுக்கு வைங்கோ. பெட்ரூம் படத்துல அல்மாரி மட்டும்தான் வரும், கட்டில் வராது. மிச்ச சாமானெல்லாம் கட்டில்ல குவிச்சு வெள்ளத் துணியால மூடிருங்கோ!"

அப்படியே செஞ்சா. பாய், தலகாணி, துவைக்காத துணி, சுளகு, நடுவுல அந்தோனியார். மேல வெள்ளத் துணி.

அப்பறம் ஹோல்ல நாலு படம். குசினியில ரெண்டு. கெணத்தடியில மூணு. கடைசியாத்தான் பெட்ரூம்.

காத்துல கர்ட்டன் பறக்காம இருக்க, டொறீன் ஜன்னலப் பாத்துக்கிட்டு அதப் புடிச்சிக்கிட்டு நின்னா. அல்மாரிக் கண்ணாடியில தன்னோட மூஞ்சி விழுந்துறக்கூடாதுன்னு ஜைனுதீன் குத்துக்கால் போட்டு ஒக்காந்து, கேமராவ தலைக்கு மேல தூக்கி... கிளிக்! கிளிக்!

கட்டில் பக்கம் ரெண்டு பேரும் திரும்பல.

கண்ணாடி மட்டும் திரும்பிப் பாத்துருச்சு!

சரி, செவ்வாய்க்கெழமைக்கு வாங்க. ரிசீவர் இன்னும் தரையில கெடக்கு.

டொறீன் ரெண்டு மூச்சு இழுத்து விட்டா. சட்டுன்னு மூளையில பல்பு எரிஞ்சிச்சு.

"அட! அது பொணம் இல்லையே! அந்தோனியாரோட காலுல்ல!"

சிரிச்சிக்கிட்டே ரிசீவர எடுத்தா.

"தம்பி மக்கீன், பயப்படாதீங்க..."

டொக். லைன் செத்துப் போச்சு.

அதே நேரம்...

கிர்ர்ர்ரீச்...! கேட்டுக்கு முன்னால ஜீப்பு!

எறங்கினது சார்ஜன்ட் தென்னகோன். இந்தப் பக்கத்து தமிழ் வீடுகள்ல ஆரு ஆரு இருக்காங்கன்னு ஃபாரம் பதியிறவரு. பன்னெண்டு வருஷம் மட்டக்களப்புல வேல செஞ்சவரு. அதனால அவரு வாயத் தொறந்தா மட்டக்களப்புத் தமிழ்தான் வரும், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'கா'வோட.

அவருக்குப் பின்னால, கேமராவ கட்டிப் புடிச்சிக்கிட்டு ஜைனுதீன். மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு.

"ஆன்ட்டி, நான் ஒண்ணும் செல்லல்ல! கடக் கண்ணாடியில ஒங்கட வீட்டுப் படத்த ஒட்டினன். இவர் ஃபாரம் ஃபோட்டோகொப்பி எடுக்க வந்தாரு. பாத்துட்டாரு!"

சார்ஜன்ட் படத்த மேசையில வச்சாரு. பொக்கட்டுலருந்து பூதக்கண்ணாடிய எடுத்தாரு.

"இந்த வீட்டுல எத்தின பேருகா பதிஞ்சிருக்கு?"

"ரெண்டு பேர் சார். அவரும் நானும்."

"படம் எடுத்த நேரம் ஒங்கட மனிசன் எங்க?"

"தம்புள்ளைக்கு சார். மரக்கறி வாங்க."

"ஜன்னல்ல தெரியிற கை?"

"என்னோடது சார். காப்பு தெரியுதுல்ல?"

"அப்ப கட்டில்ல படுத்திருக்கிற மூணாவது ஆள் ஆருகா?"

ரெண்டே பேர் பதிஞ்ச வீட்டுல மூணாவது ஆளு! சண்ட நடந்துக்கிட்டிருந்த அந்தக் காலத்துல, ஆளொளிச்சு வச்சிருக்காங்கன்னா அது எவ்வளவு பெரிய பேச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். வெளக்கம் சொல்லலன்னா ரெண்டு பேரும் ஜீப்புல ஏறணும். ஏறினா வீடாவது, வத்தளையாவது!

டொறீன் தலைய நிமித்தினா.

"அவரு அந்தோனியார் சார்."

"முழுப் பேர்?"

"பதுவைப் பதி அந்தோனியார்."

"அடையாள அட்டை?"

"சார்! அவரு புனிதர் சார்! சுரூபம்!"

சார்ஜன்ட் எழுதின பேனைய நிறுத்தினாரு.

"காட்டுங்க."

குசினிக்குக் கூட்டிட்டுப் போனா. அடுப்படி விறகுக் குவியலுக்குப் பக்கத்துல அந்தோனியார் நிக்கிறாரு. முன்னால ஏழு மெழுகுதிரி எரியுது. செவ்வந்திப் பூமால வேற!

"கட்டில்ல கெடந்தவர் இஞ்ச எப்பிடி வந்தாரு?"

டொறீன் கொரல இறக்கினா.

"அவரே நடந்து வந்தாரு சார்."

"என்னகா?"

"சத்தியமா சார்! கட்டில்ல படுக்க வச்சவ நான். சாயந்தரம் துணிய எடுத்துப் பாக்குறேன், ஆளக் காணோம்! குசினிக்கு வந்தா இங்க நிக்கிறாரு! புதுமை சார், அற்புதம்! அன்னிக்கே ஒம்பது நாள் நவநாள் செபம் தொடங்கிட்டேன். இன்னிக்கி ஏழாம் நாள்!"

"அப்ப அந்தத் திரியெல்லாம்..." ஜைனுதீன் ஏழையும் எண்ணினான்.

சார்ஜன்ட் தொப்பியக் கழட்டி கக்கத்துல வச்சாரு. சுரூபத்துக்கு முன்னால குனிஞ்சாரு. பூதக்கண்ணாடியில பாத்தாரு. கால் விரல ஒவ்வொண்ணா எண்ணினாரு.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

எல்லாரும் மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கிறாங்க.

"...ஒம்பது! ஒண்டு எங்க?"

"எடது கால் சுண்டு வெரலு சார். லூசியா மொதத் தடவ நற்கருணை வாங்குன முதல் நன்மை அன்னிக்கி கோயில்ல மோதி ஒடஞ்சது. ஒட்டவே இல்ல."

சார்ஜன்ட் படத்த எடுத்தாரு. எண்ணினாரு. திரும்பவும் எண்ணினாரு.

மெல்ல நிமிந்தாரு.

"படத்துல பத்து!"

"ஆஆஆ...!" டொறீன் போட்ட சத்தத்துல மூணு மெழுகுதிரி அணைஞ்சு போச்சு!

அந்தோனியார் இல்ல! அப்ப நெசமாவே பொணமா? ஆரோட பொணம்? எப்ப வந்துச்சு? எப்ப எந்திரிச்சுப் போச்சு?

"சார்..." ஜைனுதீன் கேமராவ நீட்டினான். "பெட்ரூம்ல நான் ரெண்டு கிளிக் எடுத்தன். மத்தது இன்னம் இதுக்குள்ள ஈக்குது..."

"போடு!"

பட்டன அமுக்கினான். சின்னத் திரையில படம் வந்துச்சு. மூணு தலையும் ஒண்ணா முட்டிக்கிட்டுப் பாத்துச்சு.

அதே அல்மாரி. அதே கண்ணாடி. அதே கட்டில். அதே கால்.

ஆனா...

இந்தப் படத்துல, எடது காலு வலது காலுக்கு மேல ஏறியிருந்துச்சு. பெருவெரல் மடங்கியிருந்துச்சு.

"யா அல்லாஹ்!" ஜைனுதீன் ஒரு எட்டு பின்னால பாஞ்சான். "மய்யித்து... சொறியுது!"

அந்த நேரம் பாத்து பின் கதவு கிறீச்சுன்னு தொறந்துச்சு!

மூணு பேரும் ஒண்ணா அலறினாங்க. சார்ஜன்ட்தான் கூடுதல் சத்தம்.

உள்ள வந்தது சிறில். பின்பக்க முத்தத்துல மொளகு காயப் போட்டுட்டு, வெறுங்கையும் காலுமா வாறாரு.

"என்னா டொறீன், தேத்தண்ணி இன்னும் ஊத்தலையா... ஆ! சார்! நீங்களா? வாங்க, ஒக்காருங்க!"

சார்ஜன்ட் ஒக்காரல. சிறிலோட மூஞ்சியப் பாக்கவும் இல்ல. தரையத்தான் பாத்தாரு.

"மிஸ்டர் சிறில், போன புதன்கெழம எங்க போனீங்க?"

"தம்புள்ளைக்கு சார். மரக்கறிச் சந்தைக்கு. காலையில எட்டரை பஸ்ல போயி, ரெண்டு மணிக்கு வந்துட்டேன்."

"வழியில என்ன பாத்தீங்க?"

"என்னத்த சார் பாக்குறது? வழக்கம்போலத்தான். கடகடன்னு லொறி."

"நடுவழியில, நாலந்தாவுல?"

"நாலந்தா... அது இருந்த எடத்துலயே இருந்துச்சு சார்."

"பூசணிக்காய்?"

"என்னா பூசணிக்காய்?"

சார்ஜன்ட் இடுப்புல கை வச்சாரு. "ஆ..." ன்னு மொனகினாரு.

"மிஸ்டர் சிறில்! அண்டைக்கு காலம ஒம்பது மணிக்கு நாலந்தாவுல பூசணிக்காய் லொறி ஒண்டு பொரண்டது! ரோட்டு நெறையப் பூசணி! ரெண்டு மணி மட்டும் இஞ்சால ஒரு வாகனம் வரல்ல, அங்கால ஒரு வாகனம் போகல்ல! எனக்கு எப்பிடித் தெரியும்? நான்தான்கா பொறுக்கினேன்! இண்டைக்கும் இடுப்பு நிமிரல்ல!"

டொறீனுக்கு அன்னிக்கி அவரு கொண்டு வந்த மரக்கறி ஞாபகம் வந்துச்சு.

"அப்ப... அந்த போஞ்சி?" டொறீன் மெதுவாக் கேட்டா.

"சந்தியில வாங்கினேன்..."

"அந்தக் கால்...?"

சிறில் வலது காலத் தூக்கி எடது காலுக்குப் பின்னால ஒளிச்சாரு. எடது கால எங்க ஒளிக்கிறதுன்னு அவருக்குத் தெரியல.

"பின்வாசலால வந்தேன். நீங்க கெணத்தடியில படம் எடுத்துக்கிட்டிருந்தீங்க. அந்தோனியாரத் தூக்கி குசினியில வச்சுட்டு... அவரோட எடத்துல நா படுத்துட்டேன். கட்டில் படத்துல விழாதுன்னு இவன் சொன்னது எனக்கு எங்க தெரியும்? படத்துல பொணம் கெடந்தா ஒருத்தனும் வீடு வாங்க மாட்டான்னு நெனச்சேன். அப்படியே..."

"அப்படியே?"

"கண்ணசந்துட்டேன்."

டொறீன் ரொட்டி பொரட்டுற கட்டைய எடுத்தா.

"ஏழு நாளா! ஏழு நாளா ஒங்களுக்கு மெழுகுதிரி கொளுத்தி முட்டி போட்டேனா நான்?!"

சிறில் பாஞ்சு போயி சார்ஜன்ட் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டாரு.

"சார்! என்னய ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போங்க! தயவுசெஞ்சு வீட்டுல மட்டும் விட்டுட்டுப் போயிறாதீங்க!"

"ஏன்கா இந்த வேல செஞ்சீங்க? மகளிட்டப் போக விருப்பமில்லையா?"

சிறில் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. அவரு கண்ணு, சார்ஜன்ட் கையில இருந்த ஃபாரத்துல போயி நின்னுச்சு.

"அதுல மொதல் நம்பர்ல ஆரு பேரு சார் இருக்கு?"

"ஒங்கட பேர். வீட்டுத் தலைவர்."

"தோட்டத்துல எத்தன தொர வந்தாலும் நா ரெண்டாவது ஆளுதான் சார். இந்த ஒரு ஃபாரத்துலதான் நான் மொதல் நம்பர். வத்தளைக்குப் போனா? மருமகன் ஒண்ணு. லூசியா ரெண்டு. சம்பந்தியம்மா மூணு. நான் நாலு! அதுவும், 'தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்'னு போடுவாங்க!"

ஜைனுதீன் கேமரா லென்ச சட்டையில தொடச்சிக்கிட்டு நின்னான்.

டொறீன் கட்டைய கீழ வச்சா. முழுசா வைக்கல. பாதி வச்சா.

"இதுக்குத்தானா? வாயத் தொறந்து சொன்னா என்னா? நாலு நீங்க. அஞ்சு நான். ஆறாம் நம்பருக்கு ஒரு ஆளு வரப் போகுதே, அது மறந்து போச்சா? அதத் தோள்ல போட்டு ஆரு தூங்க வைக்கிறது? அந்த வீட்டுல தூங்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது இருக்காங்களா? நீங்கதான் சுளகு மேல, தலகாணிக்கு அடியில, போட்டோ எடுக்கையிலயே தூங்குற ஆளாச்சே!"

சிறில் மூக்க உறிஞ்சினாரு.

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...!

டொறீன் ஓடினா.

"ஆன்ட்டி, லைன் அறுந்திட்டு. மறுகா அந்த மய்யித்து..."

"மய்யித்து இல்ல தம்பி! என்னோட புருஷன்! பகல்ல தூங்கிட்டாரு! மன்னிச்சிக்கங்க!"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. போச்சு! வீடு போச்சு! வத்தளை போச்சு!

"ஆன்ட்டி..." மக்கீன் கொரல் மாறியிருந்துச்சு. "பட்டப் பகல்லயா? ஏ நைன் ரோட்டு ஓரத்துலயா? நான் பல்லேபொல ஆளு, எனக்குத் தெரியாதா? தம்புள்ளை லொறி ராப்பகலா ஓடுற ரோடு! றமீஸாக்கு கரண்டி விழுந்தாலும் தூக்கம் பெய்த்திரும், முழிச்சிருவா. அதனாலதான் ரோட்டோர வீடு வேணாமுன்னு செல்லிட்டிருந்தா. அந்த ரோட்டுப் பக்கத்துல ஒரு மனிசன் மய்யித்து மாதிரித் தூங்குறாருன்டா... செவுரு அவ்வளவு தடிப்பமா? ஆன்ட்டி, அந்த அங்கிளக் கொஞ்சம் குடுங்கோ!"

கூடவே ஓடி வந்த எல்லாருக்கும் மக்கீன் பேசினது கேட்டுச்சு; டொறீன் ரிசீவர சிறில்கிட்ட நீட்டினா.

சார்ஜன்ட் கண்ண அகல விரிச்சாரு. அவருக்கு வெளங்கிருச்சு. அன்னிக்கி ரோட்டுல லொறியே ஓடல! எல்லாம் பூசணிக்காய்க்கு அந்தப் பக்கம்!

சிறிலுக்கும் வெளங்கிருச்சு.

ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொன்னா வீடு விக்காது. மாதா திருநாள் தாண்டிரும். ஃபாரத்துல மொதல் நம்பர் அவருக்குத்தான்!

டொறீன் பாக்குறா.

கடிகாரம் டிக்... டிக்... டிக்...

"தம்பி," சிறில் தொண்டையச் செருமினாரு. "உள்ளதச் சொல்லிர்றேன். அன்னிக்கி ரோட்டுல ஒரு லொறியும் ஓடல."

டொறீன் கண்ண மூடிக்கிட்டா.

"ஆனா மத்த நாளெல்லாம் ஓடுது தம்பி. மத்த நாளெல்லாமும் நா தூங்குறேன்! சரியா பன்னெண்டு மணியிலருந்து மூணு மணி வரைக்கும். ஜன்னலுக்கு வெளிய லொறி டயர் வெடிச்சப்பகூட எந்திரிக்கல. பொஞ்சாதிதான் மூஞ்சியில தண்ணி தெளிச்சா. நல்ல வீடு தம்பி. எடுத்துக்கங்க."

மக்கீன் சிரிச்ச சத்தம் குசினி வரைக்கும் கேட்டுச்சு.

"நாளைக்கு பல்லேபொலேந்து என்ட காக்கா, கூடப்பொறந்த மூத்தவர், வந்து பேச்ச முடிப்பார் அங்கிள். ஒரே ஒரு கண்டிஷன்!"

"என்னா தம்பி?"

"அந்தக் கட்டிலயும் சேத்துத் தரோணும்!"

டொறீன் சிலுவ போட்டுக்கிட்டு அணைஞ்ச மூணு திரியையும் திரும்பக் கொளுத்தினா. இந்தத் தடவ சரியான ஆளுக்கு.

சார்ஜன்ட் ஃபாரத்த விரிச்சு, 'மூணாவது ஆள் இல்லை. முதலாவது ஆளே மூணாவது ஆள்'னு எழுதி, கையெழுத்துப் போட்டு, இடுப்பப் புடிச்சிக்கிட்டு ஜீப்புல ஏறினாரு.

வெள்ளிக்கெழம காலையில, மாதா திருநாள் பூசை முடிஞ்ச கையோட, வத்தளைக்குப் போற வேன் கேட்டுல வந்து நின்னுச்சு. அந்தோனியார கோயில்ல குடுத்துட்டுத்தான் போகணும்.

டொறீன் முன் சீட்டுல ஏறி ஒக்காந்து கொரல் குடுத்தா.

"ஏங்க... நாலாம் நம்பர்! அந்தோனியாரத் தூக்கி பின் சீட்டுல படுக்க வைங்க! வெரல எண்ணிப் பாத்துட்டுத்தான் வேன எடுக்கச் சொல்லுவேன்... ஒம்பதுக்கு மேல இருந்தா எறங்கி நடந்து வாங்க!"

அவ்வளவுதான் புள்ளைங்களா. ஒங்க வீட்டுலயும் வீட்டச் சோடிச்சு படம் புடிச்சு விக்கப் போயி என்னமாச்சும் கூத்து நடந்திருக்குமே? ஒண்ணு விடாம எனக்கு எழுதிப் போடுங்க. படமும் அனுப்புங்க...

அனுப்புறதுக்கு முன்ன, கட்டில ஒரு தடவ தட்டிப் பாத்துருங்க!